சோடா விரதம்

ஜனவரி 6

நான் வேலை செய்யும் பார்சல் கந்தோரில் புதுவருசத்துக்கு எல்லோருக்கும் ஒரு டயறி தந்தார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு டயறி எதற்கு என்று அலுமாரிக்கு மேலே எறிந்தேன். மனைவி லோஜிதான் தூசி தட்டி எடுத்துத் தந்தாள்.

"உங்கட வாயிலை வாறதெல்லாத்தையும் இதுக்கை எழுதுங்கோ. வீட்டுக்காரருக்கு முன்னாலை கொட்டாதேங்கோ. போன வீடு உங்கட வாயாலைதான் போனது."

அது பொய். போன வீடு போனது வீட்டுக்காரரின் மகன் சுவிசிலிருந்து வந்து அதை இடித்து ஹோட்டல் கட்டப் போகிறான் என்பதால். "உங்கட மகன் தேத்தண்ணி ஊத்தவே சுவிசுக்குப் போனவர்?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டது உண்மை. அது பகிடி. பகிடி விளங்காத சனத்திடம் வாடகைக்கு இருக்கக் கூடாது. ஆனால் பகிடி விளங்கிய சனத்திடம் வாடகைக்கு விட வீடு இல்லை.

நாட்டில் சண்டை முடிந்த பிறகு இப்போது ஏழாவது வீடு தேடுகிறோம். சண்டைக்குள் மாறியதைச் சேர்க்கவில்லை. அதெல்லாம் வாடகை இல்லாத இடங்கள்.

மகள் சங்கவிக்கு ஓகஸ்டில் பல்கலைக்கழகத்துக்குப் போகிற ஏ.எல். சோதனை. உயிரியல். அதுவரைக்கும் அவளுக்கு அசையாத ஒரு மேசை வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அது முடிந்தால் நான் மரத்தின் கீழும் படுப்பேன், பழக்கமானவன்.

ஜனவரி 13

புறோக்கர் ஏரம்பு அண்ணையின் மோட்டார் சைக்கிளில் தொங்கிக்கொண்டு வைரவர் ஒழுங்கைக்குப் போனேன். பட்டணத்திலிருந்து சைக்கிளில் இருபது நிமிசம். நல்ல அமைதியான இடம் என்றார். அமைதிக்கு என்ன குறை? ஆட்கள் இருந்தால்தானே சத்தம். மதிலுக்கு மதில் புதுப் பெயின்ற், கேற்றுக்குக் கேற் சிங்கத் தலை, உள்ளே நாய்கூட இல்லை. கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு இங்கே சிங்கத்துக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள்.

"தம்பி, அந்தக் கேள்வி வரும். வந்தாக் கிளிநொச்சி எண்டு சொல்லிப்போட்டு வாயை மூடு. அங்கை எல்லாரும் கலவன். ஆர் எவரெண்டு பிடிக்கேலாது."

அந்தக் கேள்வி, "சொந்த இடம் எது?" என்பது. சாதி என்ற சொல்லை இங்கே படித்தவர்கள் வாயில் எடுப்பதில்லை, அநாகரிகம். ஊரைக் கேட்பார்கள். பிறகு ஊரில் எந்தப் பக்கம். பிறகு எந்தக் கோயிலடி. நாலாவது கேள்வியில் ஆளைத் தோலுரித்துவிடலாம். எங்கள் ஆட்களுக்கு மூன்றாவதிலேயே வீடு இல்லை. "குறை நினையாதேங்கோ தம்பி, மருமகன் வந்து நிக்கப்போறார்" என்பார்கள். எனக்கு வீடு இல்லாமல் செய்த மருமகன்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு பட்டாளம் தேறும்.

வீடு கனடாவில் இருக்கும் குகதாசன் என்பவருடையது. வீடு பூட்டின திறப்பு அடுத்த வளவில் இருக்கும் அவருடைய அக்காவிடம். திலகேஸ்வரி ரீச்சர். ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, புருசன் இல்லை, பிள்ளையும் இல்லை. எங்களை வெளி விறாந்தையில் இருத்தினார்.

"சொந்த இடம் எது, தம்பி?"

"கிளிநொச்சி, ரீச்சர்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை.

"அதுக்கு முதல் மல்லாவி. பிறகு புதுக்குடியிருப்பு. பிறகு செட்டிகுளம் முகாம். பிறகு நாவற்குழியிலை கொஞ்ச நாள்."

"அதுக்கெல்லாம் முதல்?"

"அதுக்கு முதல் நான் சின்னப்பிள்ளை, ரீச்சர். ஞாபகமில்லை."

ஏரம்பு அண்ணை கூரையைப் பார்த்தார். ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை இன்னொருமுறை பார்த்தார். தவளையைப் பலகையில் மல்லாத்திவிட்டுப் பார்க்கிற பார்வை.

"பிள்ளை என்ன படிக்குது?"

"பயோ, ரீச்சர். ஓகஸ்டிலை சோதினை."

"சரி. அடுத்த கிழமை வந்து இருங்கோ. வீட்டுக்கை மீன், இறைச்சி எண்டு மச்சம் காய்ச்சக் கூடாது. தம்பி காசைக் கொட்டிக் கட்டி, கோயிலுக்குக் கும்பாபிசேகம் செய்தமாதிரிச் செய்த வீடு."

இவ்வளவுதான்! கிளிநொச்சி வாழ்க. மூடி திறக்காத கிறீம் சோடா ஒரு போத்தல் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார், திறப்பானோடு. தேத்தண்ணீர் அல்ல, சோடா! ஏரம்பு அண்ணைக்குத் தேத்தண்ணீர்தான். அவரை விட எனக்குப் பெரிய மரியாதை என்று நினைத்து ஒரே இழுவையில் குடித்தேன்.

வீட்டில் சொன்னபோது லோஜி முகத்தில் சந்தோசத்தைக் காணவில்லை.

"அவருக்குக் கோப்பையிலை தேத்தண்ணி. உங்களுக்குப் போத்திலிலை சோடா."

"வெய்யிலுக்குத் தந்திருப்பா."

"ஏரம்பு அண்ணை நிழலுக்கையோ இருந்தவர்?"

ஜனவரி 21

குடிவந்தாயிற்று. எங்களிடம் உள்ள சாமான்களை இந்த வீட்டுக்குள் வைத்தால் ஆளில்லாத ஸ்டேசனில் பயணி மூட்டையை இறக்கின மாதிரி இருக்கிறது. ஹோலில் குகதாசன் பனியில் கோட்டுப் போட்டு நிற்கும் படம் ஒன்று, ஆள் உயரம். கழற்றக் கூடாதாம். சாப்பிடும்போது எங்களுக்கு மேலே பனி பெய்கிறது.

சங்கவியின் மேசையைக் கிழக்கு யன்னலோரம் போட்டோம். அது அசையவில்லை. நானே ஆட்டிப் பார்த்தேன்.

பெப்ரவரி 4

ரீச்சர் வீடு பார்க்க வந்தார். லோஜி இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றி வைத்தாள்.

"ஐயோ பிள்ளை, இண்டைக்கு நான் விரதம்."

பெப்ரவரி 18

மறுபடியும் வந்தார். மறுபடியும் விரதம். லோஜி என்னைப் பார்த்தாள். நான் ஒழுங்கை முடக்கில் இருக்கும் கடைக்குச் சைக்கிளில் பறந்து ஒரு கிறீம் சோடா வாங்கிவந்தேன். மூடியை ரீச்சர் தானே திறந்தார், உறிஞ்சிக் குழல் பாவிக்காமல் போத்தலோடு குடித்தார், முழுக்கக் குடித்தார்.

தேத்தண்ணீர் குடித்தால் முறிகிற விரதம் சோடா குடித்தால் முறியாது. எந்தப் புராணத்தில் இருக்கிறதோ தெரியவில்லை.

மார்ச் 9

தண்ணீர் மோட்டர் இழுக்கவில்லை. வாஷர். மாற்றினேன். சட்டை முழுக்கச் சேறு. லோஜி திட்டினாள். மற்றப்படி விசேசமில்லை.

மார்ச் 20

விரதங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். வெள்ளி, சதுர்த்தி, ஏகாதசி, பிரதோசம், கார்த்திகை, பூரணை. எங்கள் வாசலை மிதிக்கிற நாளெல்லாம் அவருக்கு ஏதோ ஒரு கடவுள் பிறக்கிறார். இந்த வேகத்தில் அவர் எப்போதோ கயிலாயம் போயிருக்க வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் காலையில் இடியப்பம் அவிகிற மணம் மட்டும் தவறாமல் வருகிறது. கயிலாயத்திலும் இடியப்பம் உண்டுபோல.

இந்த மாதிரிச் சனத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை, சிரிப்புத்தான் வருகிறது. லோஜி கேட்கிறாள்: சிரிப்பு வருகிறவன் ஏன் பல்லைக் கடித்துக்கொண்டு நித்திரை கொள்கிறான்?

மார்ச் 28

சங்கவி பின்வளவில் நடந்து நடந்து சத்தமாகப் பாடமாக்குவாள். மண்புழுவின் கழிவுத்தொகுதி என்று ஏதோ. மதிலுக்கு மேலால் ஒரு குரல்:

"பிழை. திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னாள்.

"இப்பவும் பிழை. இஞ்சாலை வா."

போனாள். இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தாள். ரீச்சர் விறாந்தையில் இருத்திக் கரும்பலகையில் கீறிச் சொல்லிக்கொடுத்தாராம். காசு வேண்டாமாம். நாளைக்கும் வரட்டாம்.

ரியூசனுக்குக் காசில்லாமல் முழித்துக்கொண்டிருந்த நான் சந்தோசப்பட வேண்டும். பட்டேன் என்று எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 3

சங்கவி ரீச்சரிடம் போகும்போது தன் தண்ணீர்ப் போத்தலையும் கொண்டுபோகிறாள். மதிலுக்கு அடுத்த பக்கத்துக்குத் தண்ணீர்ப் போத்தல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஏப்ரல் 14

வருசப்பிறப்பு. லோஜி விடியவே எழும்பி அரியதரமும் முறுக்கும் சுட்டு ஒரு தட்டத்தில் வைத்து, வாழையிலையால் மூடி, ரீச்சருக்குக் கொடுத்தாள். ரீச்சர் இரண்டு கையாலும் வாங்கினார். தட்டத்தைக் கழுவி, அதில் தோல் உரிக்காத கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வைத்துத் திருப்பித் தந்தார். பழத்தின் தோலுக்குள் ஒன்றும் போகாது பாருங்கள்.

மத்தியானம் அவருடைய பின்வளவில் ஊர்க் காகம் முழுக்கக் கூடியது. எங்கள் வீட்டு அரியதரம் காகங்களுக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. லோஜி மாம்பழத்தை வெட்டாமல் அப்படியே வைத்திருந்தாள். நான்தான் வெட்டித் தின்றேன். மானம் ரோசம் பார்த்தால் மாம்பழம் அழுகிவிடும்.

மே 6

இன்று ஒரு வெற்றி! ரீச்சர் முற்றத்தில் நின்று போனில் தம்பியுடன் கதைத்தார். காது கொஞ்சம் மந்தம். போனை உரத்து விட்டுத்தான் கதைப்பார். கனடா முழுக்க எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கேட்டது.

"அக்கா, இருக்கிற ஆக்கள் எப்பிடி? எங்கட ஆக்கள்தானே?"

"ஓமோம். வேறை ஆரையடா நான் உன்ரை வீட்டிலை விடப்போறன்?"

கிணற்றடியில் நின்று தனியாக ஆடினேன். நாலு மாதமாக அந்தப் படித்த மனிசியை ஏமாற்றிப் பேய்க்காட்டி வைத்திருக்கிறேன்! பத்தாம் வகுப்பு, விலங்கியல் பட்டத்தை வென்றது. உடனே போய் லோஜியிடம் சொன்னேன். அவள் மீன் இல்லாத மீன்கறி வைத்துக்கொண்டிருந்தாள், கத்தரிக்காயில்.

"அவ நம்பியிருந்தா ஏன் சோடா?"

"என்ன?"

"எங்களை அவையின்ரை ஆக்கள் எண்டு நம்பியிருந்தா என்ரை தேத்தண்ணியைக் குடிச்சிருப்பா. அவவுக்கு முதல் நாளே தெரியும். ஒளிக்க ஒண்டுமில்லாதவன் ஒரு ஊர்தான் சொல்லுவான். நீங்கள் அஞ்சு ஊர் சொன்னியள்."

"அப்ப ஏன் தம்பியாருக்குப் பொய் சொன்னவ?"

"எனக்கென்ன தெரியும்? போய் அவவைக் கேளுங்கோ."

கேட்கவில்லை. பக்கத்து வீடு இருட்டாகக் கிடந்தால் தனியாக இருக்கப் பயம், அதுதான். வேறு ஒருவரும் கிடைத்திருக்க மாட்டார்கள், அதுதான். இந்தச் சனத்தின் நல்லதுக்கெல்லாம் பின்னால் ஒரு தேவை இருக்கும்.

ஜூன் 17

சங்கவி முன்னோடிச் சோதனையில் உயிரியலுக்கு ஏ. ரீச்சர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஏக்குள்ளையும் நல்ல ஏ, கெட்ட ஏ இருக்கு. இது கெட்ட ஏ. காணாது" என்றார். சங்கவி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். என் மகள் அந்த மனிசியைப் பற்றிச் சிரிக்கும்போது அது என் சிரிப்புப் போல இல்லை.

ஜூலை 11

இடி விழுந்தது. குகதாசன் கோயில் திருவிழாவுக்கு வருகிறார். வந்தால் தன் வீட்டில்தான் நிற்பாராம். நாங்கள் ஒரு மாதம் "எங்கையாவது" நிற்க வேண்டுமாம், பிறகு திரும்பி வரலாமாம். ஒரு மாதம்! சோதனை ஓகஸ்ட் ஆறு. உலகத்தில் "எங்கையாவது" என்று ஒரு ஊர் இருப்பதாகக் கனடாக்காரர் எல்லோரும் நம்புகிறார்கள். நான் அங்கே பலமுறை இருந்திருக்கிறேன். மேசை போட இடமில்லாத ஊர் அது.

செய்தியைச் சொன்ன ரீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வரட்டும். நான் கதைக்கிறன்" என்றார். கதைத்து என்ன? அவருடைய தம்பி, அவருடைய வீடு. நாங்கள் இடையில் வந்த கலவன்.

ஜூலை 12

கந்தோரில் இருவரிடம் வீடு கேட்டேன். ஒருவரின் மருமகன் வருகிறாராம்.

ஜூலை 29

இதை முழுக்க எழுத வேண்டும்.

குகதாசன் வந்துவிட்டார். எங்களுக்கு இன்னும் இடம் கிடைக்காததால் இப்போதைக்கு அக்காவோடு நிற்கிறார். படத்தில் பார்த்ததை விடக் கட்டை. அரைக் காற்சட்டையும் நெற்றி நிறைய வீபூதியுமாகப் பின்னேரம் வீட்டைப் பார்க்க வந்தார். பின்னால் ரீச்சர். குழாயைத் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், பனிக்குள் நிற்கும் தன்னை நின்று பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்தார்.

"தங்கச்சி, ஒரு தேத்தண்ணி தாங்கோ பாப்பம். கனடாவிலை குடிக்கிறது தேத்தண்ணியே? சுடுதண்ணிக்கை பை தோய்க்கிறது."

நான் சைக்கிளை எடுக்க எழும்பினேன், சோடாவுக்கு, பழக்கதோசம். சங்கவி என் சட்டையைப் பிடித்து இருத்தினாள்.

தேத்தண்ணீர் இரண்டு கோப்பையில் வந்தது. எங்கள் கோப்பைகள், ஒன்றுக்குக் காது இல்லை. குகதாசன் உறிஞ்சினார். கண்ணை மூடினார். "ஆ! இதெல்லோ!" என்றார். அவருடைய அக்காவின் சொல்லை நம்பி, எங்கள் கோப்பையில், எங்கள் தேத்தண்ணீரை, ஒரு சொட்டும் விடாமல். அந்த நேரம் எனக்கு வந்த சந்தோசம் நல்ல சந்தோசம் இல்லை. 'குடியுங்கோ ஐயா, வடிவாய்க் குடியுங்கோ' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எடுங்கோவன் அக்கா, ஆறப்போகுது."

"நான் இண்டைக்கு விரதமடா."

"என்ன விரதம்? விடியப் புட்டும் முட்டைப் பொரியலும் எனக்குப் போட்டியாய்ச் சாப்பிட்டனீங்கள்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. குகதாசன் மட்டும் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்தினார். அக்காவைப் பார்த்தார், ஆறும் கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஊர் எது, எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்று வரப்போகிற பார்வை. இன்னும் ஒரு நிமிசம் போனால் எங்கள் சாமான் ஒழுங்கையில் கிடக்கும். ஒரு மாதத்துக்கு அல்ல, ஒரேயடியாக.

மாட்டுப்பட்டீர் ரீச்சர் என்று நினைத்தேன். உம்முடைய பொய்யும் உம்முடைய விரதமும் ஒரே கோப்பைக்குள் விழுந்துவிட்டன. சொல்லும், இப்ப சொல்லும், நாங்கள் ஆர் என்று.

ரீச்சர் சங்கவியைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார், அதில் திறந்தபடி கிடந்த கொப்பியை. பிறகு காது இல்லாத கோப்பையை இரண்டு கையாலும் தூக்கினார். ஒரு மிடறு. இன்னொரு மிடறு. மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு அடிமட்டும் குடித்தார்.

"சீனி காணாது, பிள்ளை" என்றார் லோஜியிடம்.

பிறகு தம்பியிடம்: "பிள்ளைக்கு அடுத்த கிழமை சோதினை. நீ என்னோடை நில். உன்ரை மாபிள் நிலத்தை நீ போய்த்தான் துடைக்கோணுமெண்டில்லை."

"ஓமோம், படிக்கிற பிள்ளை" என்றார் குகதாசன். "தங்கச்சி, இன்னொண்டு ஊத்துங்கோ."

ஜூலை 30

லோஜி கேட்டாள், "இப்ப என்ன சொல்லுறியள்?" தன் பொய்யைக் காப்பாற்றத்தானே குடித்தார் என்றேன். "ஓம்" என்றாள். "அந்தப் பொய்க்குள்ளை ஆர் குடியிருக்கிறது?"



ஓகஸ்ட் 6

சோதனை தொடங்கியது. சங்கவி போகும்போது ரீச்சர் கேற்றடியில் நின்றார். மணிக்கூட்டைப் பார்த்தார். நானும்.

செப்டெம்பர் 2

சோதனை நேற்று முடிந்தது. குகதாசன் போன கிழமையே பறந்துவிட்டார். இன்று காலை ரீச்சர் மதிலுக்கு மேலால் கூப்பிட்டார்.

"பின்னேரம் மூண்டு பேரும் வாங்கோ. உள்ளுக்கை வாங்கோ."

எட்டு மாதத்தில் முதல்முறை விறாந்தையைத் தாண்டினோம். உள்ளே கதிரைகள், புத்தகங்கள், புருசனின் படம். என் கண் எல்லாவற்றையும் விலை பேசிக்கொண்டு போனது. ரீச்சர் குசினியிலிருந்து தட்டத்தில் நாலு கோப்பை கொண்டுவந்து வைத்தார். வெள்ளைக் கோப்பை, நீலப் பூ. ஏலக்காய் மணம்.

நான் என் கோப்பையைத் தூக்கினேன். விரலுக்கு அடியில் ஏதோ ஒட்டியது. சரித்துப் பார்த்தேன். கடைக்காரன் ஒட்டிய சீட்டு. எங்களுக்கென்று வாங்கிய கோப்பை. புதிதாக வாங்கியதா, புறம்பாக வாங்கியதா? எனக்குச் சந்தேகமே வரவில்லை. இவ்வளவு காலம் இந்தச் சனத்தைப் படித்தவன் நான். நாங்கள் போன பிறகு இது பின்வளவுக் கொட்டில் கூரை இறப்பில் செருகப்படும், அடுத்தமுறை எங்களுக்கென்று வரும்.

கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எனக்கு இண்டைக்கு விரதம், ரீச்சர்."

லோஜி என் தொடையில் கிள்ளினாள். சங்கவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்ன விரதம், தம்பி?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை விரதம்" என்றேன்.

"ஆவணி ஞாயிறு. ஓம், நல்ல விரதம்." அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதாம்.

சொல்லிவிட்டு ரீச்சர் தட்டத்தில் மிஞ்சிக் கிடந்த கோப்பையை எடுத்தார். குடிக்கத் தூக்கியபோது அதன் அடி எனக்கு நேரே தெரிந்தது. அதிலும் சீட்டு. சங்கவி குடித்துக்கொண்டிருந்தாள், அவளுடையதிலும் சீட்டு. லோஜியுடையதிலும். நாலும் ஒரே பெட்டிக்குள் வந்தவை.

என் முன்னால் இருந்தது ஆடை கட்டத் தொடங்கியது. எடுக்கலாம் என்றால், விரதம் என்று சொன்ன வாய். ரீச்சர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணாடியைக் கழற்றாமல். அந்த விரதத்தை அவரை விட வேறு யாருக்குத் தெரியும்? எழும்பிக் குசினிக்குள் போனார்.

"சோடா இருக்கு, தம்பி. தரட்டோ?"

"ஓம், ரீச்சர்" என்றேன்.

கிறீம் சோடா. மூடி திறக்காதது, திறப்பானோடு. அவர்கள் மூன்று பேரும் மண்புழுவைப் பற்றிச் சிரித்துச் சிரித்துக் கதைத்தபடி தேத்தண்ணீர் குடித்தார்கள். நான் போத்தலை அடிமட்டும் குடித்தேன். குளிர் இல்லை.